நம் வீட்டுப் பிராணியை வரையப் பழகுவோம்

நாய் ஒன்றை வரைந்து வா என்று ஒரு மாணவனிடம் சொல்லிப் பாருங்கள். தொங்கும் காதுகளும் நீண்ட ரோமமும் கொண்ட மேனாட்டு நாயொன்றைப் பெரும்பாலும் அவன் வரைந்து வருவான். நாட்காட்டியிலோ புத்தகத்திலோ கண்ட நாய் அது. அவனுடைய வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாய்க்கோ காதுகள் நிமிர்ந்திருக்கும், ரோமம் குட்டையாயிருக்கும், வால் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். நாள்தோறும் சோறிட்டு வளர்க்கும் அந்த நாயை அவன் கண்டதில்லையா? கண்டிருக்கிறான். ஆனால், உற்று நோக்கியதில்லை.

உருவச்சித்திரம் என்பது இன்னாரென்று அடையாளங் காணத்தக்க சித்திரம். பிராணிக்கும் இதுவே இலக்கணம். பிறர் பார்த்து, "நாய் நன்றாயிருக்கிறது" என்றால் போதாது. வீட்டார் பார்த்து, "அட, இது எங்கள் மணியல்லவா!" என்று சொல்லவேண்டும். கப்பல்துறையிலும் அதன் அயலிலும் நாயோ, பூனையோ, ஆடோ, பசுவோ இல்லாத வீடு அரிது. ஆகவே, மாதிரிக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை.

கல்லில் நிற்கும் கோவிவன்

வளர்ப்புப் பிராணியை உருவமாக்கி வைப்பது மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்த வழக்கம் என்று எண்ணவேண்டாம். தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. அது 7ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனுடைய காலத்தில் நடப்பட்டது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் போரில் இறந்துபட, அவனுடைய உருவத்தோடு அவன் வளர்த்த நாயின் உருவத்தையும் ஊரார் செதுக்கி வைத்தனர். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது. ஒரு நாய்க்குப் பெயரும் உருவமும் சேர்த்து நினைவுச்சின்னம் எழுப்பிய அச்செயலை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது.

மொகலாயப் பேரரசன் ஜஹாங்கீரின் அவையில் மன்சூர் என்ற ஓவியன் இருந்தான். 1621ஆம் ஆண்டில் அப்பேரரசனிடம் வரிக்குதிரை ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் கோடுகள் யாரோ தீட்டியவையாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றனர். ஆராய்ந்து பார்த்தபின், அவை இயற்கையானவை என்று தெளிந்தனர். அந்த விலங்கை மன்சூர் வரைந்தான். ஒரு வரிக்குதிரையின் கோடுகள் மற்றொன்றின் கோடுகளைப் போல இருப்பதில்லை. ஆதலால், கோடுகளைக் கண்ணால் பின்தொடர்ந்து சென்றவனே அந்த விலங்கை வரைய முடியும். நம் வீட்டுப் பூனையின் வரிகளுக்கும் பசுவின் மறுக்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

முதற் பாடம் பார்வை

வரையத் தொடங்குமுன் இரண்டொரு நாட்கள் வெறுமனே பார்த்திருங்கள். எந்தக் காது சற்று மடிந்திருக்கிறது? படுக்கும்போது முன்கால்களை நீட்டுகிறதா, மடக்குகிறதா? மூக்கின் மேல் தழும்பு உண்டா? இவற்றைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பிராணி உறங்கும் வேளையிற் பென்சிலை எடுங்கள். உறங்காத பிராணி நமக்காக அசையாது நில்லாது. ஆகையால், ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகப் பல சிறு கோட்டுருவங்களை ஒரே தாளில் வரைந்து பழகவேண்டும். அது எழுந்துபோனால் அடுத்ததைத் தொடங்குங்கள். அரைகுறையானவை என்று அவற்றைக் கிழித்தெறிய வேண்டாம். அவற்றிலிருந்துதான் முழுச் சித்திரம் பிறக்கும்.

பட்டினத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பயிற்சிக் களமும் உண்டு. திருகோணமலை நகரிலும், கோணேசர் கோவிலுக்குச் செல்லும் வழியிலுள்ள பிரெடரிக் கோட்டைப் பகுதியிலும் புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவுகின்றன. நின்று மேயும் விலங்கின் கால்மூட்டு எங்கே மடிகிறது, கழுத்து எங்கே தோளோடு சேர்கிறது என்பவற்றை அங்கே நன்கு கற்கலாம்.

அளவும் எலும்பும்

ஆங்கில ஓவியர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் (1724-1806) குதிரைகளை வரைவதிற் பெரும்புகழ் பெற்றவர். இறந்த குதிரைகளின் உடல்களை ஏறத்தாழ 18 மாதங்கள் கூறுபடுத்தி ஆராய்ந்து, 1766ஆம் ஆண்டில் குதிரையின் உடலமைப்பைப் பற்றிய நூலொன்றை அவர் வெளியிட்டார். அவ்வளவு தூரம் நாம் போகவேண்டியதில்லை. பிராணியைத் தடவிக் கொடுக்கும்போதே விரல்களால் மண்டையோட்டையும் தாடையையும் தோளெலும்பையும் உணரலாம். ரோமத்தின் கீழ் எலும்பு இருக்கிறதென்பதை நம் கை அறிந்தால் கோடு தானே திருந்தும்.

தலைக்கு ஒரு வட்டம் இடுங்கள். முகத்தின் முன்பகுதிக்கு ஒரு சிறு பெட்டி வடிவம் இடுங்கள். பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையின் நீளம் உடலின் நீளத்தில் எத்தனை மடங்கு என்று அளந்து பாருங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைவதானால், அது பிராணியின் கண்மட்டத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் தலை பெருத்தும் கால்கள் சிறுத்தும் தோன்றும்.

கண்ணும் நிறமும்

உருவச்சித்திரத்திற்கு உயிர் தருவது கண். நாயின் கண்மணி வட்டமானது. பூனையின் கண்மணி வெயிலில் நெடுங்கோடாகச் சுருங்கி, மங்கிய ஒளியில் வட்டமாக விரியும். ஆட்டின் கண்மணியோ கிடைக்கோடு போன்றது. கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளிக்கு வர்ணம் பூசாமல், தாளின் வெண்மையையே விட்டுவிடுங்கள்.

நண்பகல் வெயிலில் நிழல் உடலின் கீழ் ஒடுங்கிவிடும். உருவம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ, ஒளி ஒரு பக்கமிருந்து விழும்போது வரைவது நன்று. நீர்வர்ணத்தில் இளநிறத்தை முதலிலும் கடுநிறத்தைப் பின்னும் இடவேண்டும். கறுப்பு நாய் முழுவதும் கறுப்பன்று. வானொளி படும் முதுகு நீலம் பாய்ந்திருக்கும். ரோமம் வளரும் திசையிலேயே தூரிகையும் செல்லட்டும்.

நினைவிலிருந்து ஒரு சித்திரம்

நாயின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அளவே. நம் வீட்டில் அது இருக்கும் காலம் குறுகியது. அத்துடன் நம் மாவட்டத்துக்குத் தனியான துயரமும் உண்டு. 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் நாயையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டுக் கண்ணீரோடு புறப்பட்ட குடும்பங்கள் எத்தனை! 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளிற் புகைப்படங்களையும் இழந்தவர்கள் எத்தனை பேர்!

அத்தகைய வீடுகளில் பிள்ளைகள் அம்மம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, "அந்தப் பசுவுக்குக் கொம்பு எப்படியிருந்தது? நெற்றியிற் சுட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?" என்று கேட்டுக் கேட்டு வரையலாம். "இல்லையடா, இன்னுங் கொஞ்சம் வளைந்தது" என்று அவர் திருத்துவார். கையால் தீவனம் வைத்துக் கண்ணால் பார்த்து வளர்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. புகைப்படம் இல்லாத ஒரு பிராணிக்கு அவ்விருவரும் சேர்ந்து உருவம் கொடுப்பார்கள்.

பெற்றோர்களே, இந்த விடுமுறையிற் பிள்ளைகளுக்கு ஒரு சித்திரக் கொப்பியும் இரண்டு மென்மையான பென்சில்களும் வாங்கிக் கொடுங்கள். சித்திரம் முடிந்ததும் அதன் அடியிற் பிராணியின் பெயரையும் திகதியையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கோவிவனின் பெயரை 1,400 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் சொல்ல முடிவது, எவரோ ஒருவர் அதனைக் கல்லில் வெட்டிவைத்த காரணத்தாலன்றோ?