பிளேக்கைப் போல் விலகு

பிடிக்காத ஒருவரையோ தொல்லை தரும் ஒரு காரியத்தையோ கிட்டவே நெருங்காமல் விலகிப்போவதை, 'அவாய்ட் லைக் த பிளேக்', அதாவது பிளேக் நோய்க்கு அஞ்சி ஒதுங்குவதுபோல் ஒதுங்குதல், என்று ஆங்கிலத்தில் சொல்வது வழக்கம். இந்த உவமையின் வேர் மிகப் பழையது. கி.பி. 394ஐ ஒட்டிப் புனித ஜெரோம், நெப்போஷியன் என்ற குருவுக்கு இலத்தீனில் எழுதிய கடிதத்தில், வணிகத்தில் இறங்கிச் செல்வரான குருமாரைக் கொள்ளைநோயெனக் கருதி விலக வேண்டும் என்று அறிவுறுத்தினார். 1347 முதல் ஐரோப்பாவை அழித்த 'கறுப்புச் சாவு', இலண்டனில் நோய்கண்ட வீடுகளைப் பூட்டிக் கதவில் செஞ்சிலுவைக் குறியிட்ட 1665ஆம் ஆண்டு ஆகியவற்றின் நினைவு, அந்த உவமைக்குப் பின்னாளில் வலுவூட்டியது.

நோயாளியைத் தொட்டாலே பிளேக் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. ஆனால், 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சான் நோய்க்கிருமியைக் கண்டறிந்த பின், 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் அது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியால் பரவுவதைக் காட்டினார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு உயிரைத் தேடி மனிதரைக் கடிக்க, கவட்டியிலோ அக்குளிலோ நெறி கட்டிக் கடுங்காய்ச்சல் காண்கிறது. நுரையீரலைப் பற்றும் வகை மட்டுமே இருமலின் வழியே ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றும்.

தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கும் இந்த ஆய்வு வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அங்கு நிலவிய பிளேக்கைப் பற்றி ஜார்ஜ், வெப்ஸ்டர் ஆகியோர் நடத்திய விசாரணை 1934இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளிவந்தது. தெள்ளுகள் எல்லாம் ஒன்றுபோல் நோய் பரப்புவதில்லை என்பதால், ஓரூரின் எலிகளில் எந்த இனத் தெள்ளு மிகுதி என்பது அக்கால ஆய்வாளர்களின் முதன்மையான கேள்வியாக இருந்தது. சென்னை நகரில் பிளேக் வேரூன்றாததற்கு, அங்கு மிகுந்திருந்த தெள்ளு இனம் நோயைப் பரப்புவதில் திறன் குறைந்ததாக இருந்ததே காரணம் என்று அவர்கள் கருதினர். தெள்ளின் இனத்தோடு வீட்டின் நிலையும் முக்கியம்: நெல் மூட்டைகள் அடுக்கிய வீடு, எலிக்கு இரையும் மறைவிடமும் ஒருங்கே தருவதால், நோய் தங்கவும் ஏற்றதாகிறது.

எலிகள் செத்து விழத் தொடங்கினால் வீட்டைக் காலிசெய்து, ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்குவது தென்னிந்தியக் கிராமங்களில் இருந்த வழக்கம். கிருமியின் பெயர் அறியாதவரும் கைக்கொண்ட இவ்வழக்கம், தெள்ளு நிறைந்த இடத்தைவிட்டு மனிதரை அகற்றியதால், மருத்துவ நோக்கிலும் சரியானதே. ஆங்கிலத் தொடர் ஆளைக் கண்டு அஞ்சச் சொல்கிறது. அந்தக் கிராமத்தாரோ அஞ்சவேண்டிய இடத்தை அறிந்து விலகினார்கள்.