உப்பின் நினைவாக ஒரு நாணயம்: உப்புக் காற்றில் அதைக் காப்பது எப்படி?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்பவர்களின் கண்ணில், மரக்காணம் நெருங்கும்போது உப்பளங்கள் படும். கட்டம் கட்டமாகப் பாத்திகள், அவற்றில் கண் கூசும் நீர், கரையில் வெண்மையான உப்புக் குவியல்கள். வண்டியின் சன்னல் வழியே வரும் காற்றை உதட்டில் சுவைத்தால் அதுவும் கரிக்கும்!

இந்த ஊரில் நாணயம் சேர்க்கும் பள்ளி மாணவன் ஒருவன் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவனிடம் இரண்டு நாணயங்கள் உள்ளன. ஒன்று, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-இல் வெளியான 20 காசு. தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. மற்றொன்று, தண்டி யாத்திரையின் 75-ஆம் ஆண்டு நினைவாக 2005-இல் வெளியான 5 ரூபாய். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியில் புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்த அந்த யாத்திரையை நாம் அறிவோம். அதே ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களுடன் நடந்ததையும் அறிவோம். உப்புக்காக நடந்தவர்களின் நினைவு நாணயம் உப்பளத்து வீட்டில் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் இரண்டு மழைக்காலம் போனபின் பெட்டியைத் திறந்து பார்க்கிறான். 20 காசின் மேல் இளம்பச்சை நிறத்தில் மாவு போன்ற புள்ளிகள். அம்மா பித்தளைக் குடம் துலக்குவதைப் பார்த்தவன் அல்லவா? புளியை வைத்துத் தேய்க்கிறான். நாணயம் பளபளக்கிறது. சில வாரங்களில் பச்சை மீண்டும் தலைகாட்டுகிறது. மீண்டும் தேய்க்கிறான். இப்படியே போனால் எழுத்துகள் மழுங்கி, கடைசியில் மிஞ்சுவது ஒரு வழவழப்பான உலோகத் துண்டுதான்.

இது ஏன் நிகழ்கிறது? தடுக்க வழி உண்டா? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

நினைவு நாணயமும் பதக்கமும்

நம் நாட்டில் முதல் நினைவு நாணயம் 1964-இல் நேருவின் மறைவையொட்டி வெளியிடப்பட்டது. அதன்பின் உணவு உற்பத்தி, 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகள் எனப் பல பொருள்களில் நாணயங்கள் வந்துள்ளன. தமிழகத்தைச் சார்ந்தவையும் பல. உலகத் தமிழ் மாநாட்டின் நினைவாக 1995-இல் திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயம் வந்தது. காமராசர், அண்ணா, எம்.ஜி.ஆர். ஆகியோரின் நூற்றாண்டுகளுக்கும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் நாணயங்கள் வெளியாயின.

மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச் சாலைகள் உள்ளன. எந்தச் சாலையில் அடித்தது என்பதை நாணயமே சொல்லும். ஆண்டு எண்ணுக்குக் கீழே உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை. விண்மீன் இருந்தால் ஐதராபாத். சிறு புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. நாணயம் சேர்ப்பவருக்கு இந்தச் சிறு குறி மிகவும் முக்கியம். புளி முதலில் தின்பதும் இத்தகைய நுண்ணிய குறிகளைத்தான்.

நம் வீடுகளில் சங்கிலியில் கோக்கும் பதக்கத்தை ‘டாலர்’ என்கிறோம். அமெரிக்காவிலோ டாலர் என்பது பணம். காசுமாலை என்ற பெயரில் காசு அணியானது. டாலர் என்ற பெயரில் அணி காசின் பெயரைப் பெற்றது! உண்மையில் நாணயத்துக்கும் பதக்கத்துக்கும் உள்ள வேறுபாடு உருவத்தில் இல்லை, சட்டத்தில்தான் உள்ளது. அரசு வெளியிட்டு, மதிப்பைப் பொறித்து, செலுத்தத்தக்க பணம் என்று அறிவித்தது நாணயம். மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் பதக்கங்களே. அரசு ஏற்பை விலக்கிக்கொண்டால் நாணயமும் பணமல்லாததாகிவிடும். 2011 ஜூன் 30 முதல் 25 காசும் அதற்குக் குறைந்தவையும் செல்லாதவை ஆயின. மாணவனின் 20 காசு இன்று பணமல்ல, வரலாற்றுச் சான்று.

பச்சைப் புள்ளியின் இரகசியம்

அந்த 20 காசு தாமிரமும் அலுமினியமும் சேர்ந்த கலப்புலோகத்தால் ஆனது. 100 ரூபாய் நினைவு நாணயங்கள் பலவற்றில் 50 விழுக்காடு வெள்ளி, 40 விழுக்காடு தாமிரம், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து விழுக்காடு. 44 மில்லிமீட்டர் விட்டமும் 35 கிராம் எடையும் உள்ள இந்தப் பெரிய நாணயத்தை வெள்ளி நாணயம் என்கிறோம். ஆனால் உள்ளே தாமிரமும் கணிசமாக இருப்பதை மறந்துவிடக் கூடாது.

இனி உப்பைப் பார்ப்போம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஆனால் கடல்நீரில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. இது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக் கசிந்துவிடும். மழைநாளில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். கடற்கரைக் காற்று சுமந்துவரும் நுண்ணிய உப்புத்துகள் நாணயத்தின்மேல் படிந்தால், கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று எந்நேரமும் அதன்மேல் இருந்துகொண்டே இருக்கும். தொட்ட விரலின் வியர்வையிலும் உப்பு உண்டு. எனவே உப்பளத்தில் வேலை செய்துவந்த கையால் நாணயத்தைத் தொட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் படலத்தில் உள்ள குளோரைடு தாமிரத்துடன் சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்னும் வெளிறிய பொருளாகிறது. அது நாணயத்தின் நுண்குழிகளில் பதுங்கிக் கிடக்கும். ஈரமும் ஆக்ஸிஜனும் கிடைத்தவுடன் அது மாறுதலடைந்து இளம்பச்சை மாவாகிறது. அப்போது சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் புதிய தாமிரத்தைத் தாக்கி மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. அதிலிருந்து மீண்டும் பச்சை மாவு, மீண்டும் அமிலம்! வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுவதுபோல, ஒரு துளி குளோரைடு தொடர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். இதனை ‘வெண்கல நோய்’ என்பர். கிருமி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரே இடத்தில் தொடங்கிப் பரவுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

புளி என்ன செய்கிறது? அதிலுள்ள டார்டாரிக் அமிலம் மேற்பரப்பின் ஆக்ஸைடையும் பச்சையையும் கரைக்கிறது. ஆனால் குழிக்குள் இருக்கும் குளோரைடு அப்படியே தங்கிவிடுகிறது. புளியோடு உப்பையும் சேர்த்துத் தேய்த்தால் நோயை நாமே ஊட்டுவதாகும். மேலும், தாமிரக் கலப்புலோகத்தின்மேல் காலப்போக்கில் படியும் பழுப்புப் படலம் ஓரளவு பாதுகாப்புக் கவசமாகும். அதை உரித்தெடுத்தால் உலோகம் வெற்றுடம்போடு நிற்கிறது. குடத்தைப் பளபளப்பாக்கலாம், அது நாளை மீண்டும் நீர் மொள்ளப் போகிறது. நாணயத்தையோ படிக்க வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு நாணயங்கள் தப்பிவிடுமா? அவற்றில் 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் உள்ளன. குரோமியம் மெல்லிய ஆக்ஸைடு படலமாகி இரும்பை மறைத்துக் காக்கிறது. அந்தப் படலத்தையும் ஆங்காங்கே துளைக்கும் ஆற்றல் குளோரைடுக்கு உண்டு. எனவே அவற்றிலும் ஊசிமுனை போன்ற பழுப்புக் குழிகள் விழலாம்.

காக்கும் முறை

முதல் விதி: நாணயத்தை விளிம்பில் பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

இரண்டாவது: மிருதுவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளைத் தவிருங்கள். அவை நாளடைவில் சிதைந்து அமிலத்தையும் பிசுபிசுப்பையும் வெளிவிடும். பாலியெஸ்டர் உறைகள் நல்லவை.

மூன்றாவது: இறுக மூடும் டப்பாவில் நாணயங்களோடு சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் குளோரைடு இருந்தும் வேலை செய்ய முடியாது. நிறம் மாறும் வகையானால் எப்போது ஈரம் நிறைந்தது என்பதும் தெரியும். சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்; சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

நான்காவது: உப்புப் படிந்த சாதாரண நாணயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள். கிணற்று நீர் கூடாது. கடற்கரைக் கிணற்றில் குளோரைடு நிச்சயம் இருக்கும். நாள்தோறும் நீரை மாற்றுங்கள். எப்போது போதும் என்று அறிய ஒரு பள்ளிச் சோதனை உண்டு. ஊறிய நீரில் சிறிதைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஆசிரியர் முன்னிலையில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் கரைசல் விடுங்கள். வெண்மையாகத் திரிந்தால் குளோரைடு இன்னும் வெளியேறுகிறது என்று பொருள். தெளிவாகவே இருந்தால் நிறுத்தலாம். கரைசலை நாணயத்தின்மேல் விடக் கூடாது; கையில் பட்டால் கறுப்புக் கறை படியும். பிறகு பஞ்சால் ஒற்றி, தேய்க்காமல் உலர்த்துங்கள்.

பச்சை மாவு ஏற்கனவே பரவிவிட்ட அரிய நாணயமானால் நீங்களே மருத்துவம் பார்க்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளை இந்நோயிலிருந்து காக்க 1930-களிலேயே வேதியியல் ஆய்வகம் அமைந்தது. இத்தகைய இடங்களில் கேட்டுச் செய்வதே நன்று. கண்ணாடிபோல் மின்னும் ‘புரூஃப்’ வகை நாணயங்களை உறையிலிருந்து வெளியே எடுக்காமல் இருப்பதே மேல்.

நாமே ஒரு பதக்கம்

உப்பளத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி தன் ஆண்டுவிழாவுக்குப் பதக்கம் செய்ய விரும்பினால் எப்படி அமைக்கலாம்?

உருவத்தை வேறெங்கும் தேட வேண்டாம். பாத்தியில் நீர் செறிந்து ‘போமே’ மானியில் 25 பாகையை எட்டும்போது உப்புப் படிகங்கள் தோன்றும். நீரின் மேற்பரப்பில் மிதந்தபடி வளரும் படிகம், விளிம்புகளில் வேகமாகவும் நடுவில் மெதுவாகவும் வளர்வதால், படிப்படியாக உள்ளிறங்கும் சதுரக் கிண்ணமாகிறது. கோயில் குளத்தைச் சிறிதாக்கி வைத்தாற்போல் இருக்கும். பதக்கத்தின் நடுவில் அமைக்க இதைவிட நல்ல சித்திரம் வேண்டுமோ?

சில தொழில் நுணுக்கங்களை நினைவில் கொள்ளுங்கள். அச்சில் எழுத்துகள் இடவல மாற்றமாகவும் குழிவாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் பதக்கத்தில் நேராகவும் புடைப்பாகவும் விழும். விளிம்பு உருவத்தைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். உராய்வை அது தாங்கிக்கொள்ளும். தமிழ் எழுத்தின் சுழிகள் மிகச் சிறிதானால் உலோகத்தில் அடைந்துவிடும். எனவே சொற்களைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஆழமான இடுக்குகள் வேண்டாம். உப்பு தங்குமிடம் அதுவே.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பணமாகப் பயன்படுத்தும் நோக்கத்துடன் உலோக வில்லை செய்வதை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது. நாணயத்தை உருக்குவதும் குற்றம். ஆகவே பதக்கத்தில் ‘ரூபாய்’ என்ற சொல்லோ மதிப்போ வேண்டாம். அரசின் சிங்க முத்திரையும் கூடாது. அதற்கென 2005-இல் தனிச் சட்டமே உண்டு. அளவும் புழக்கத்திலுள்ள நாணயங்களினின்று வேறுபடட்டும்.

பல முகம் கொண்ட பணம்

புதுப்புது உருவங்களால் குழப்பமும் விளைகிறது. அமெரிக்காவில் 2007 முதல் குடியரசுத் தலைவர்களின் உருவம் பொறித்த டாலர் நாணயங்கள் வெளிவந்தன. மக்கள் தாள் டாலரையே விரும்பியதால் நூறு கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் வங்கிக் கிடங்கில் தேங்கின. 2011 இறுதியில் புழக்கத்துக்காக அடிப்பதை நிறுத்தி, சேகரிப்போருக்கு மட்டும் அடித்தார்கள்.

நம் ஊரில் பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர் வாங்க மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடிவம் வேறாக இருப்பதால் போலி என்று ஐயுறுகிறார்கள். பதினான்கு வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லுபடியாகும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. நாட்கூலி பெறுபவரின் கையில் அது மறுக்கப்பட்டால் இழப்பு அவருக்குத்தான். நாணயத்தைப் படிக்கத் தெரிந்த மாணவன் இங்கே உதவலாம்.

மற்றொரு வலையும் உண்டு. பழைய நாணயத்துக்கு இலட்சக்கணக்கில் பணம் தருவதாகக் கூறி, முன்பணமாகக் கட்டணமோ வரியோ கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வார்கள். அந்த வங்கி இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை. யாரிடமும் இதற்குக் கட்டணம் கேட்பதுமில்லை. 2021 ஆகஸ்டில் அது பொதுமக்களை இதுபற்றி எச்சரித்துள்ளது. கோடிக்கணக்கில் அடித்த நாணயம் அரியதாவது எப்படி என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே போதும்.

மாணவனின் 20 காசுக்கு வருவோம். அதற்குக் கடையில் ஒரு மிட்டாயும் கிடைக்காது. ஆனால் ஆண்டு, உருவம், சாலைக் குறி ஆகிய மூன்றும் தெளிவாக இருக்கும்வரை அது பேசும். ஐப்பசியில் மழை இறங்கி அளங்களில் வேலை நின்றதும், காற்றில் ஈரம் ஏறும். அதற்கு முன்பே உங்கள் டப்பாவைத் திறந்து, சிலிகா ஜெல்லை உலர்த்தி வைத்துவிடுங்கள். புளி குடத்துக்கு இருக்கட்டும்.