ஜன்னல் கிரில்லில் மணி பிளான்ட்: உங்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் கிடைக்கும்?

சுனாபட்டி ஸ்டேஷனில் இறங்கி எந்தச் சந்தில் நடந்தாலும், தலைக்கு மேல் ஜன்னல் கிரில்களில் மணி பிளான்ட், துளசி, கற்றாழை. 'வீட்டுக்கு ஆக்சிஜன்' என்று நீங்களும் ஒன்று வாங்கியிருக்கலாம். 'ராத்திரி உள்ளே வைக்காதே' என்று ஊரிலிருந்து பாட்டி போனில் சொல்லியிருக்கலாம். யார் சொல்வது சரி?

1771 ஆகஸ்ட் 17. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் புதினாத் தண்டு ஒன்றை வைத்து மூடினார். 10 நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. ஆனால் திரும்பச் செய்தபோது சில சமயம் வந்தது, சில சமயம் சொதப்பியது.

ஏன் என்று கண்டுபிடித்தவர் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ். 1779 கோடையில் 500-க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்தார். வெளிச்சம் வேண்டும், செடியின் பச்சைப் பகுதிதான் வேலை செய்யும், இருட்டில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கும். இரவில் செடிகளை வீட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார், அதாவது அவர் பாட்டி கட்சி. (பயம் கொஞ்சம் ஓவர். தொட்டிச் செடி ராத்திரி எடுக்கும் ஆக்சிஜன், பக்கத்தில் தூங்குபவர் எடுப்பதில் ரொம்பச் சின்னப் பங்குதான்.)

பள்ளி லேபில் ஹைட்ரில்லா மேல் புனலைக் கவிழ்த்து குமிழி எண்ணியது ஞாபகம் இருக்கா? கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் அதே செடியின் குமிழிகளைத் தானாகப் பதிவு செய்யும் கருவியையே உருவாக்கினார். ஒளிச்சேர்க்கை பற்றிய அவரது புத்தகம் 1924-ல் வந்தது.

இப்போது நம்ம கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 550 லிட்டர் ஆக்சிஜன் தேவை. நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் இலை மணிக்கு 1 லிட்டர் தரும் என்று தாராளமாகவே வைப்போம். 8 மணி நேரத்துக்கு 8 லிட்டர். அப்படியென்றால் ஒரே ஒருவருக்குச் சுமார் 70 சதுர மீட்டர் இலை, அதாவது 750 சதுர அடி வேண்டும். தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்துக்கு அறிவிக்கப்பட்ட வீடே 350 சதுர அடிதான்! எதிர்க் கட்டடம் வெயிலை மறைக்கும் ஜன்னலில் இந்த 1 லிட்டரும் கிடைக்காது.

வெளிக்காற்றில் ஏற்கெனவே 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. பூட்டிய அறையில் புழுங்குவது பெரும்பாலும் நாம் விடும் மூச்சும் வெப்பமும் உள்ளேயே தங்குவதால்தான். அதற்கு இன்னொரு தொட்டி வாங்க வேண்டாம், கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளித் திறங்க.