தாமான் வீட்டுக்கு வரும் வரிச் சீட்டு

தோட்டத்து லயத்தில் இருந்தவரை நமக்கு இந்தக் கவலை இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்தால் கிராணியிடம் சொல்வோம். சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்டலிடம் முறையிடுவோம். வீடும் தண்ணீரும் சுகாதாரமும் நிர்வாகத்தின் பொறுப்பு. 1966லும் பிறகு 1990லும் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டங்கள் அதைத்தான் சொல்லின.

தெப்ராவைப் பாருங்கள். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த மவுண்ட் ஆஸ்டின் இன்று கடைகளும் தாமான்களும் நிறைந்த பட்டணம். இங்கே சொந்த வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்கு ஜொகூர் பாரு மாநகர் மன்றத்திலிருந்து ஒரு சீட்டு வருகிறது. அதுதான் மதிப்பீட்டு வரி. பிப்ரவரி இறுதிக்குள் ஒரு பாதி, ஆகஸ்டு இறுதிக்குள் மறு பாதி கட்ட வேண்டும்.

இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? தீபகற்ப மலேசியாவின் மற்ற மாநிலங்களில் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்து வரி போடுகிறார்கள். ஜொகூரில் நிலமும் கட்டடமும் சேர்ந்த விலைமதிப்புதான் கணக்கு. உதாரணத்துக்கு, மதிப்பு 1,00,000 வெள்ளி, வரி விகிதம் 0.2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 200 வெள்ளி. அரையாண்டுக்கு 100 வெள்ளி.

அன்பு வாசகர்களே, மன்றத்தின் கணக்கும் நம் குடும்பக் கணக்குப் போலத்தான். வீட்டு வரி, கடை லைசென்ஸ், வாகன நிறுத்தக் கட்டணம், அபராதம், அரசாங்க மானியம் ஆகியவை வரவு. சம்பளம், சாலை, தெருவிளக்கு, சாக்கடை, பூங்கா ஆகியவை செலவு. குப்பை அள்ளும் வேலை 2011 செப்டம்பர் முதல் மத்திய அரசின் சட்டப்படி தனி நிறுவனத்திடம் போய்விட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுத் தாமான் எழும்பும்போது வரும் கட்டட அனுமதிக் கட்டணம் ஒரு முறை வரவு. அங்கே எரியும் விளக்கோ என்றென்றைக்கும் செலவு. வேகமாக வளரும் ஊரில் கட்டணத்தை மட்டும் நம்பினால், கட்டுமானம் குறைந்த ஆண்டில் கை கடிக்கும். வீட்டு வரிதான் மாதச் சம்பளம் போல நிலையான வரவு. அது பாக்கி விழுந்தால் சாக்கடைப் பழுதுதான் முதலில் தள்ளிப்போகும்.

கட்டாமல் விட்டால் நோட்டீசு வரும். பிறகு வீட்டுப் பொருளை ஜப்தி செய்ய வாரண்டு வரும். ஆனால் கட்டுகிறவருக்கு உரிமையும் உண்டு. மறுமதிப்பீடு செய்து வரியை உயர்த்தும்போது, மதிப்பு அதிகம் என்று தோன்றினால் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். விசாரணை நாளுக்கு 14 நாள் முன்பாக மனு போய்ச் சேர வேண்டும். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இதைத் தருகிறது. தனியாகத் தீர்மானம் போட்டு மூடினாலன்றி, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அதை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றே ஆணையம் 1968இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை.

வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் வரி ரசீதுதான் நம் கையிலிருக்கும் சீட்டு. அதைப் பத்திரமாக வையுங்கள். விளக்கு எரியாத தெருவுக்காக மன்றத்துக்குப் போகும்போது, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.