ஏ.சி.எல்: சுவிட்ச்சில் ஒரு வாசல்காவல்

பொட்காஸ்டில் அவசரமாச் சொன்ன ஏ.சி.எல். விசயத்தை இங்கே ஆறுதலா எழுதிறன்.

2019 மார்ச் 19. ஒஸ்லோவைத் தலைமையகமாகக் கொண்ட நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினியக் கம்பனியை லொக்கர்கோகா என்ற ரான்சம்வேர் தாக்கினது. அப்ப சுமார் 35,000 பேர் வேலை செய்த நிறுவனம். சில ஆலைகளில் கடதாசியும் பேனையுமா வேலை நடந்தது. கப்பம் கட்டாமல், பக்கப்பில் இருந்து மீண்டார்கள். ஏ.சி.எல். மட்டும் இருந்தால் தப்பியிருப்பார்கள் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் ஒரு பாடம்: ஃபயர்வோல் எங்கட வீட்டுப் படலை. கள்ளன் உள்ளே வந்தபிறகு, அறைக் கதவுகள் பூட்டியிருக்கா?

அந்த அறைக்கதவுதான் ஏ.சி.எல். யாரிடமிருந்து, யாருக்கு, எந்தப் போர்ட் எண்டு சொல்ற ஒரு பட்டியல். உதாரணமா, ஒஃபிஸ் லப்டொப் வி.லானுக்கு:

1. ஃபைல் சேவர் 10.1.20.5, போர்ட் 445: விடு.
2. 10.1.20.0/24 முழுவதும்: மறி.
3. மிச்சம் எல்லாம்: விடு.

சுவிட்ச் மேலிருந்து கீழே வாசிக்கும். முதல் பொருந்திற வரியோட நிண்டுவிடும். 1ஐயும் 2ஐயும் மாத்திப் போட்டால் ஃபைல் சேவரும் போச்சு. 3ஐ மறந்தால் இன்டர்நெட்டும் போச்சு. ஏனெண்டால் பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி இருக்கு: எல்லாத்தையும் மறி.

ஒருநாள் நான் வீட்டில் இருந்தபடி, நான் உள்ளே போற இன்டர்ஃபேசிலேயே 3ஆம் வரி இல்லாமல் லிஸ்டைப் போட்டுட்டன். என்ர எஸ்.எஸ்.எச். அப்படியே செத்துப்போச்சு. கொன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு டி-பானே ஏறினன். இப்ப சிஸ்கோ சுவிட்ச்சில் கை வைக்க முதல் 'ரீலோட் இன் 10' அடிப்பன். மாற்றத்தை சேவ் பண்ணமாட்டன். பிழைச்சால், 10 நிமிசத்தில் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வரும். சரியெண்டால் 'ரீலோட் கான்சல்', பிறகுதான் சேவ்.

கனபேர் விடுற பிழை இன்னொண்டு. ஒரே வி.லானில் இருக்கிற இரண்டு லப்டொப்கள் கதைக்கேக்க அந்த ட்ரஃபிக் ரவுட் ஆகாது. அதனால் வி.லான் இன்டர்ஃபேசில் போட்ட ஏ.சி.எல். அதைக் காணாது. வேர்ம் லப்டொப்பில் இருந்து லப்டொப்புக்குத் தாவிறது இந்த ஓட்டையாலதான். அதுக்குப் போர்ட் ஏ.சி.எல். அல்லது வி.லான் ஏ.சி.எல். வேணும்.

இந்தக் கிழமை உங்கட வேலையிடத்தில் ஒரு கேள்வி கேளுங்கோ: "எங்கட லப்டொப்கள் தங்களுக்குள்ள 445இல் கதைக்க வேண்டிய தேவை என்ன?" பதில் வரேல்லையெண்டால், மறிக்க வேண்டிய முதல் வரி அதுதான்.