குறையாமல் சுருங்கும் ஜேபெக்

நம் கைபேசியிலும் ஹார்ட் டிஸ்கிலும் சேர்ந்து கிடக்கும் புகைப்படங்களில் பெரும்பகுதி ஜேபெக் கோப்புகள். அந்த வடிவம் வகுக்கப்பட்டது 1992-ல். அதற்குப் பின் வந்த வெப்பி, ஹீஃப், ஏவிஃப் எல்லாம் அதைவிட நன்றாகவே சுருக்குகின்றன. ஆனால் ஏற்கெனவே ஜேபெக்காக இருக்கும் படத்தை இன்னும் சிறிதாக்க அவற்றுக்கு மாற்றினால், படம் கொஞ்சம் கெடத்தான் செய்யும்.

காரணம் ஜேபெக் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்தின் ஏற்ற இறக்கங்களையும் 64 எண்களாக மாற்றுகிறது. கொசைன் உருமாற்றம் எனப்படும் இந்தக் கணக்கை 1974-ல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். பிறகு ஜேபெக் ஒவ்வொரு எண்ணையும் வகுத்து முழு எண்ணாக்குகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்கள் இங்கேதான் உதிர்கின்றன. உதிர்ந்தது திரும்பாது. அந்தப் படத்தை விரித்து வேறு வடிவத்தில் சுருக்கும்போது, அந்த வடிவம் தன் விதிப்படி இன்னொரு முறை உதிர்க்கும். முதல் சுருக்கம் விட்டுச்சென்ற கட்டத் தழும்புகளையும் படத்தின் விவரம் என்றே எண்ணி, அவற்றுக்கும் இடம் செலவழிக்கும்.

ஜேபெக் எக்ஸ்எல் வேறுபடுவது இந்த இடத்தில்தான். கூகுளும் கிளவுடினரி நிறுவனமும் தனித்தனியே செய்த முயற்சிகள் இணைந்து உருவான வடிவம் இது. ஐஎஸ்ஓ அங்கீகாரமும் பெற்றுவிட்டது. பழைய ஜேபெக்கைக் கொடுத்தால், அதைப் பிக்சல்களாக விரிக்காமல் உள்ளே இருக்கும் முழு எண்களை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அவற்றைப் பிட்டுகளாக எழுதும் முறை மட்டுமே மாறுகிறது. ஜேபெக் இதற்கு நம்பியிருப்பது டேவிட் ஹஃப்மன் 1952-ல் வெளியிட்ட முறையை. அதில் ஒரு குறியீட்டுக்குக் கால் பிட் போதும் என்றாலும் ஒரு முழு பிட் செலவாகும். போலந்தைச் சேர்ந்த யாரெக் டூடா வகுத்த ஏஎன்எஸ் முறை அந்தப் பின்னத்தையும் வீணாக்குவதில்லை. பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து, வரப்போகும் எண்ணை ஊகித்து எழுதுவதால் இன்னும் கொஞ்சம் மிச்சம். அதே துணிகளை அதே பெட்டியில் இறுக்கி மடித்து அடுக்குவது போன்ற வேலை இது. கோப்பின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 1,000 ஜிபி படங்கள் இருந்தால் சுமார் 200 ஜிபி காலியாகும்.

இடம் மிச்சமாவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, திரும்பி வரும் வழி. பழைய கோப்பு எப்படி எழுதப்பட்டிருந்தது என்ற விவரமும் உடன் பதிவாவதால், வேண்டும்போது அதே ஜேபெக் ஒரு பைட்கூட மாறாமல் வெளியே வருகிறது. மூலத்தை அழித்துவிட்டோமோ என்ற அச்சம் ஆவணக் காப்பாளர்களுக்கு எப்போதும் உண்டு. அந்த அச்சத்தைப் போக்காத எந்தப் புதிய வடிவத்தையும் அவர்கள் நம்பிக் கையில் எடுக்கக் கூடாது என்றே சொல்வேன்.

புதிதாக எடுக்கும் படங்களுக்கும் இது தாராளமானது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு வழக்கமாக 256 படிகள்தான். ஒளி ஊடுருவும் பகுதி, அசைவு எதற்கும் இடமில்லை. எக்ஸ்எல் இவை எல்லாவற்றையும் ஏற்கிறது. ஜிஃப், பிஎன்ஜி படங்களும் இழப்பின்றி இதற்குள் வந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் பரவல் மெதுவாகவே நடந்தது. 2022-ல் குரோம் உலாவி தன் சோதனை ஆதரவை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. என் கணிப்பில் அது தவறான முடிவு. 2023-ல் ஆப்பிளின் சஃபாரி 17 இந்த வடிவத்தை ஏற்றது.

மாற்றிப் பார்க்க விரும்புவோருக்கு, லிப்ஜேஎக்ஸ்எல் தொகுப்பில் உள்ள சிஜேஎக்ஸ்எல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஜேபெக் கோப்பைக் கொடுத்தால், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை இழப்பற்ற வழியிலேயே மாற்றும். எல்லாச் செயலிகளும் அப்படி அல்ல. சில செயலிகள் படத்தை விரித்து மறுபடி சுருக்கிவிடும். எனவே முதலில் நாலைந்து படங்களை மாற்றி, அதே தொகுப்பின் டிஜேஎக்ஸ்எல் கருவி கொண்டு மீண்டும் ஜேபெக்காக்கி, பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டின் செக்சம் (சரிபார்ப்பு எண்) ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக வந்த பிறகே முழுத் தொகுப்பில் கை வையுங்கள்.