பேக்கிங் மாற்றியும் நிற்காத ஆயில் ஒழுகல்

டர்போ பொருத்திய காரில் ஆயில் ஒழுகலைச் சரிசெய்து, சில மாதங்களில் அதே ஈரம் திரும்பவும் தலைகாட்டினால், கோளாறு பெரும்பாலும் அந்தப் பேக்கிங்கில் இல்லை. ஒழுகும் இடம் வேறு, ஒழுகச் செய்யும் காரணம் வேறு. முதலாவதை மட்டும் தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் டேப்பெட் கவர் பேக்கிங், கிராங்க் ஆயில் சீல், கடைசியில் டர்போ என்று பில் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாவதான அந்தக் காரணம் பல நேரங்களில் என்ஜினுக்குள் தேங்கும் காற்றழுத்தம்தான். அதைச் சோதிக்க அதிகச் செலவும் ஆகாது.

டர்போ இல்லாத என்ஜினிலும் ஆயில் ஒழுகும். ஆனால் டர்போ வந்தால் ஒழுகுவதற்கான வழிகள் கூடுகின்றன, ஆபத்தும் கூடுகிறது. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் அனுப்புவதே டர்போவின் வேலை. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஷி 1905ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. காரில் உள்ள சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். பெரும்பாலான டர்போக்களில் இந்தத் தண்டைத் தாங்குவது பால் பேரிங் அல்ல. புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது. அந்தப் படலத்துக்கான ஆயில், என்ஜினின் ஆயில் பம்ப்பிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தோடு மேலே வருகிறது. வேலை முடிந்த ஆயில் அகலமான இன்னொரு குழாய் வழியாக என்ஜினின் அடியில் உள்ள சம்ப்புக்குத் திரும்புகிறது.

திரும்பும் வழியைச் சற்று கவனிக்க வேண்டும். டர்போவை விட்டு வெளியேறும் ஆயிலுக்கு அழுத்தம் எதுவும் இல்லை. சுழற்சியில் நுரைத்துப்போய், தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. அதனால்தான் அந்தக் குழாய் அகலமாகவும், கூடியவரை செங்குத்தாகவும் இருக்கிறது. அதோடு, டர்போ தண்டின் இரு முனைகளிலும் இருப்பது ரப்பர் சீல் அல்ல. புகையின் சூட்டில் ரப்பர் நிற்காது என்பதால் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்களையே வைக்கிறார்கள். இவை ஆயிலை முழுவதும் அடைத்து நிறுத்துபவை அல்ல. சக்கரங்கள் இருக்கும் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும், ஆயில் இருக்கும் நடுப்பகுதியில் குறைவாகவும் இருக்கும் வரைதான் இவை ஆயிலைத் தடுக்கும். நடுப்பகுதியில் அழுத்தம் ஏறினாலோ, திரும்பும் குழாய் அடைத்தாலோ, நல்ல டர்போகூட ஆயிலைக் கக்கும். அந்த நிலையில் புது டர்போ போட்டாலும் அதுவும் கக்கும்.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் எப்போதும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் கசியும். பட்டறைகளில் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். புது என்ஜினிலும் இது உண்டு. டர்போ என்ஜினில் சிலிண்டர் அழுத்தம் அதிகம் என்பதால் கசிவும் அதிகம். இந்த வாயுவை வெளியே எடுத்து மறுபடி எரிப்பதற்காகப் பிரீதர் குழாயும், பி.சி.வி. வால்வும், ஆயிலைப் பிரித்தெடுக்கும் ஒரு பெட்டியும் இருக்கின்றன. பெட்ரோல் டர்போவில் இதற்கு இரண்டு பாதைகள். ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டு வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அதே மேனிஃபோல்டு அழுத்தத்துக்கு வந்துவிடுவதால், ஒரு ஒருவழி வால்வு மூடிக்கொள்ள, வாயு டர்போவுக்கு முந்தைய காற்றுக் குழாய்க்குப் போகும். ஒருவழி வால்வு கெட்டால் டர்போ அமுக்கிய காற்று நேராகக் கிராங்க் கேஸுக்குள் புகுந்துவிடும். ஆயில் கசடு பிரீதரை அடைத்தால் வாயு போக வழியின்றித் தேங்கும். இரண்டிலும் விளைவு ஒன்றே: வெயிட் அடைத்த குக்கரைப் போல, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியே அழுத்தம் வெளியேறும், ஆயிலையும் கூட்டிக்கொண்டு.

இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் வால்வோ நிறுவனத்தின் ஐந்து சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். 1990களின் 850 மாடலிலும், அதன் பின் வந்த எஸ்70, வி70 மாடல்களிலும் இது இருந்தது. ஆயில் பிரிக்கும் பெட்டி, ரேடியேட்டர் பக்கமாக, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் என்ஜின் பிளாக்கில் பொருத்தப்பட்டிருக்கும். மேனிஃபோல்டைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது என்பதால் வழக்கமான சர்வீஸில் அதை யாரும் சுத்தம் செய்வதில்லை. வருடக்கணக்கில் கசடு சேர்ந்து பெட்டியும், பிளாக்கில் அதற்குப் போகும் துளைகளும் அடைத்துவிடும். பிறகு கேம் சீல் ஒழுகும். அல்லது கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பின்பக்கக் கிராங்க் சீல் ஒழுகும். அந்தச் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அத்தனை வேலையும் செய்துவிட்டுப் பெட்டியைத் தொடாமல் விட்டால், புதுச் சீலும் கொஞ்ச நாளில் அதே வழியில் போகும்.

அதே காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டர்போவிலிருந்து திரும்பும் குழாய் பிளாக்கில் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. சூட்டில் அது காய்ந்து இறுகினால், ஆயில் என்ஜினின் பின்புறமாக இறங்கிச் சம்ப்பில் சொட்டும். கேம் சீலிலிருந்து வரும் ஆயிலும் பெல் ஹவுசிங் வழியாக இறங்கி அதே பகுதிக்கு வந்து சேரும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு இந்த இரண்டும்கூடப் பின்பக்கக் கிராங்க் சீல் கசிவாகவே தெரியும். மூன்றில் மிகவும் செலவு பிடிப்பது எதுவோ அதையே முதலில் சந்தேகிப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற தவறு.

அழுத்தம் தேங்குகிறதா என்று பார்க்க வால்வோ வைத்திருப்பவர்கள் பின்பற்றும் வழி மிக எளியது. என்ஜின் சூடான பிறகு, ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டுவார்கள். கையுறை லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் பிரீதர் வேலை செய்கிறது. உப்பி எழுந்து நின்றால் வாயு வெளியேறவில்லை. டிப்ஸ்டிக் குழாயிலிருந்து புகை வருவதும் அதே அறிகுறிதான். இந்தச் சோதனை மற்ற பெட்ரோல் டர்போக்களுக்கும் பொருந்தும். டீசலில் மேனிஃபோல்டு உறிஞ்சல் அவ்வளவு இல்லை என்பதால் கையுறை தொய்ந்து கிடந்தாலே போதும். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் டிப்ஸ்டிக் குழாயில் மானோமீட்டரை மாட்டி, வண்டியை ஓட்டியே அளக்கலாம். ஒருவழி வால்வின் கோளாறு ஐடிலில் தெரியாது, டர்போ அழுத்தம் ஏறும்போதுதான் தெரியும். பிரீதர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது வேறு கதை, வேறு செலவு.

அழுத்தம் சரியாக இருந்தால்தான் ஒழுகும் இடத்தைத் தேடுவதில் அர்த்தம் உண்டு. முதலில், கீழே சொட்டுவது என்ஜின் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். வண்டி நிற்குமிடத்தில் இரவில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தால் நிறமும் இடமும் காலையில் தெரிந்துவிடும். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். நிறமே இல்லாத தண்ணீர் ஏ.சி.யிலிருந்து வருவது, அதற்குக் கவலை வேண்டாம்.

அடுத்தது கழுவுதல். பலர் இதைச் சோம்பலால் தவிர்க்கிறார்கள், ஆனால் இதுவே பாதி வேலை. பழைய ஆயிலும் புழுதியும் அப்பிக் கிடக்கும் என்ஜினில் புதுக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. டிகிரீஸர் தெளித்து, எலெக்ட்ரிக் கனெக்டர்களையும் ஆல்டர்னேட்டரையும் மூடி வைத்துக் கழுவி, காயவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே தேட வேண்டியது சொட்டும் இடத்தை அல்ல, ஈரம் தெரியும் இடங்களிலேயே மிக உயரமானதையும் மிக முன்னால் இருப்பதையும்தான்.

கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் உதவிக்கு வழிகள் உண்டு. காய்ந்த என்ஜினில் டால்கம் பவுடரைத் தூவி ஓட்டினால் ஆயில் ஓடிய தடம் கோடாகத் தெரியும். ஆயிலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கடித்துப் பார்த்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக மின்னும். மெதுவான கசிவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கிராங்க் கேஸுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதும் உண்டு. அழுத்தத்தைக் கூட்டினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

தேடலில் டேப்பெட் கவர், ஆயில் ஃபில்டர் ஹவுசிங், பிரஷர் ஸ்விட்ச், டீசலில் கேம் முனையில் இருக்கும் வேக்கம் பம்ப், சம்ப் போல்ட் வாஷர் ஆகியவை வழக்கமாகச் சந்தேகத்துக்குரியவை. டர்போவைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது ஆயில் வரும் மெல்லிய குழாயின் இரு முனைகளையும். அங்கே நடுவில் துளையிட்ட பேஞ்சோ போல்ட்டும், அதன் இருபுறமும் செம்பு வாஷரும் இருக்கும். செம்பு ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கிறது. அதே வாஷரைத் திரும்பப் போட்டால் கசியும். கசிகிறதே என்று போல்ட்டை மேலும் முறுக்கினால் போல்ட் அறுந்துவிடும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனால் ஆயில் அளவு குறைகிறது என்றால், அது உள்ளே எரிந்து நீலப் புகையாகப் போகிறது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பார்த்து, உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறது என்றதும் டர்போவுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவது வழக்கம். பிரீதர் வாயு அந்த வழியாகவே போவதால் மெல்லிய பசை இயல்பானது. குழாயில் ஆயில் தேங்கி நின்றால்தான் சந்தேகம். அப்போதும் ஏர் ஃபில்டரைப் பார்த்தாக வேண்டும். ஃபில்டர் அடைத்தால் டர்போவின் முகப்பில் உறிஞ்சல் கூடி, ஆயிலை வெளியே இழுக்கும். பிறகு, ஆறிய என்ஜினில் டர்போ தண்டைப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் சிறு அசைவு இருக்கும். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் சுவரில் உரசினாலோ டர்போ போய்விட்டது என்று நம்பலாம்.

ஆயில் அளவுக்கு மேல் இருப்பதும் ஒரு காரணம் என்பது பலருக்கும் தெரியாது. சம்ப்பில் மட்டம் உயர்ந்தால் டர்போவிலிருந்து திரும்பும் ஆயில் இறங்க இடமின்றித் தேங்கும். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு விற்கும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீச்சப்படும் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலக்கலாம். ஊருக்குள் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில், ஊற்றாமலேயே டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் காரணம் இதுதான். அந்த ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

சரிசெய்யும்போது கெடுப்பதும் நடக்கிறது. டர்போ குழாய்களின் ஃபிளாஞ்சில் கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசினால், பிதுங்கிய துணுக்கு உள்ளே போய் ஆயில் வழியை அடைக்கும். அங்கே உரிய பேக்கிங்கை மட்டும் போட வேண்டும். கடையில் விற்கும் ஒழுகல் நிறுத்தும் திரவங்கள் இறுகிய ரப்பரைச் சற்று ஊதச் செய்யும், அவ்வளவுதான். உடைந்த பேக்கிங்கையோ அடைத்த பிரீதரையோ அவை ஒன்றும் செய்யாது. கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் ஒழுகல் குறைவதாகத் தோன்றலாம். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், தேய்மானம் கூடும்.

எல்லாக் கசிவும் அவசரம் அல்ல. நிமிடத்துக்கு ஒரு துளி என்றால்கூட நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லி. டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே சில நாள் ஓட்டலாம். டைமிங் பெல்ட்டின் மேல் படும் கசிவுக்கு அவ்வளவு நேரம் இல்லை, ஆயில் ஊறிய பெல்ட் அறுந்தால் என்ஜினே போகும். டீசலில் இன்டேக் குழாய்க்குள் ஆயில் பெருகினால், சாவியை அணைத்த பிறகும் என்ஜின் அந்த ஆயிலைக் குடித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். எல்லாவற்றிலும் மோசமானது டர்போவுக்கு வரும் மெல்லிய குழாயின் கசிவு. பெட்ரோல் காரில் டர்போவைத் தொடும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அழுத்தத்தோடு பீச்சும் ஆயில் அந்த இரும்பின் மேல் பட்டால் தீப்பிடிக்கும். பானெட்டுக்கு அடியில் ஆயில் கருகும் வாடையும் புகையும் டர்போ பக்கமிருந்து வந்தால், வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு, டோ செய்தே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.